பிட்காயின் பிளாக்செயினிலிருந்து வாலெட் முகவரிகளைப் பைத்தானில் பிரித்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பிட்காயின் பரிவர்த்தனைகளின் தொகுதிகளைக் கொண்ட பிளாக் கோப்பு ஒன்றைத் திறந்து 1 என்றோ 3 என்றோ பிசி1 என்றோ தொடங்கும் சரங்களைத் தேடிப் பாருங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனை எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும் வாலெட் முகவரிகள் சிக்காது. பிளாக்செயினில் முகவரி எழுதப்படுவதே இல்லை என்பதுதான் காரணம். அங்கே இருப்பவை பூட்டு ஸ்கிரிப்டுகள்: இன்ன நிபந்தனையை நிறைவேற்றுபவர் இந்தத் தொகையைச் செலவழிக்கலாம் என்று சொல்லும் சில பைட்டுகள். கதவில் பூட்டு தொங்குகிறது, பெயர்ப்பலகை இல்லை. பூட்டின் வடிவத்தைப் பார்த்துப் பெயர்ப்பலகையை நாம்தான் எழுத வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும். சில வெளியீடுகளுக்கு (ஒரு பரிவர்த்தனை பூட்டிவைக்கும் தொகைகளுக்கு) முகவரி ஏன் வரவில்லை, ஒரே பிளாக்குக்கு இரண்டு இணையதளங்கள் ஏன் வேறு வேறு முகவரிப் பட்டியல் காட்டுகின்றன, அனுப்பியவர் முகவரி ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

பைத்தானில் ஃபங்ஷன், லூப், பைட்ஸ் வகை ஆகியவை தெரிந்தால் போதும். பைட்டுகளை வழக்கமான பதினாறடிமான எண்ணில் தராமல் சாதாரணப் பதின்ம எண்ணில் தருகிறேன். பைத்தானில் ஒரு பைட்ஸ் பொருளின் உறுப்பை எடுத்தால் கிடைப்பதும் 0 முதல் 255 வரையான எண்தான். அதனால் நேராக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முதலில்: உங்களுக்கு எது வேண்டும்?

முகவரிகள் வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு முழு பிளாக்செயினும் தேவைப்படாது. சில நூறு பிளாக்குகளில் யாருக்குப் பணம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் பிட்காயின் கோர் மென்பொருளிடம் நிரல்வழியே தரவு கேட்கும் ஆர்பிசி அழைப்பே போதும், பைட் எண்ணும் வேலை வராது. இந்த நிமிடம் இருப்பு உள்ள முகவரிகள் மட்டும் வேண்டுமா? அப்படியென்றால் வரலாற்றைத் தொடவே வேண்டாம். செலவாகாத வெளியீடுகளின் தொகுப்பை டம்ப்டிஎக்ஸ்அவுட்செட் என்ற கட்டளையால் ஒரே கோப்பாக எடுக்கலாம். அதை எஸ்க்யூலைட்டாக மாற்றும் பைத்தான் ஸ்கிரிப்ட், பிட்காயின் கோர் மூலநிரலின் கான்ட்ரிப் கோப்புறையிலேயே இருக்கிறது. 2009 முதல் இன்றுவரை தோன்றிய எல்லா முகவரிகளும் வேண்டும் என்பவர்கள்தான் பிளாக் கோப்புகளை நேரடியாகப் படிக்க வேண்டியவர்கள்.

மூன்றுக்கும் பொதுவானது பூட்டு ஸ்கிரிப்டை முகவரியாக மாற்றும் பகுதி. ஆகவே கோப்பைப் படிக்கத் தேவையில்லாதவர்களும் 4, 5-ஆம் படிகளைத் தாண்ட வேண்டாம்.

படி 1: தரவைக் கையில் வைத்துக்கொள்ளுதல்

பிட்காயின் கோர் நிறுவி, முழு நோடாக, அதாவது பிளாக்செயின் முழுவதையும் வைத்திருக்கும் கணினியாக, ஒத்திசைய விடுங்கள். 600 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். எஸ்எஸ்டி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். ப்ரூன் என்ற அமைப்பை இயக்கினால் பழைய பிளாக்குகள் அழிக்கப்பட்டு இடம் மிச்சமாகும், ஆனால் நமக்குத் தேவையான தரவும் சேர்ந்தே போய்விடும்.

ஸ்கிரிப்ட் எழுதிப் பழக முழு நோட் தேவையில்லை. ரெக்டெஸ்ட் முறையில் பிட்காயின் கோரை ஓட்டினால் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு தனிப் பிளாக்செயின் உருவாகும். 101 பிளாக்குகளைத் தோண்டினால் (அதாவது உருவாக்கினால்) முதல் பிளாக்கின் பரிசுத்தொகை செலவழிக்கத் தயாராகிவிடும். பிறகு ஒவ்வொரு வகை முகவரியையும் உருவாக்கி, அவற்றுக்குள் பணம் அனுப்பிக்கொண்டால், விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைத் தரவு கிடைக்கும். உண்மைச் செயினில் நேரடியாகச் சோதிப்பவர்கள் பிழையைத் தேடியே நாட்களைக் கழிப்பார்கள்.

படி 2: ஆர்பிசி வழி

இது எளியது. கெட்பிளாக்ஹாஷ் அழைப்புக்கு உயர எண்ணை, அதாவது செயினில் அது எத்தனையாவது பிளாக் என்பதை, கொடுத்து அதன் அடையாளமான ஹாஷை வாங்குங்கள். அந்த ஹாஷை கெட்பிளாக் அழைப்புக்குக் கொடுத்து, விவர அளவாக 2 என்று சொன்னால் பரிவர்த்தனைகள் எல்லாம் விரித்து ஜேசனாக வரும். ஒவ்வொரு வெளியீட்டின் ஸ்கிரிப்ட் விவரத்துக்குள் வகையும், முகவரி உண்டென்றால் முகவரியும் இருக்கும். விவர அளவு 3 என்றால் ஒவ்வொரு உள்ளீடும் எந்தப் பழைய வெளியீட்டைச் செலவழிக்கிறது என்பதும் கூடவே வரும். 23-ஆம் பதிப்பில் சேர்ந்த வசதி இது.

இணைப்பு எண் (போர்ட்) முதன்மைச் செயினுக்கு 8332, ரெக்டெஸ்டுக்கு 18443. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தரவுக் கோப்புறையில் இருக்கும் குக்கி கோப்பில் கிடைக்கும்.

இரண்டு இடங்களில் கவனம். பழைய பயிற்சிக் கட்டுரைகளில் முகவரிப் புலம் பன்மையில், ஒரு பட்டியலாக இருக்கும். 22-ஆம் பதிப்பிலிருந்து அது ஒருமையாகி, ஒரே சரமாக வருகிறது. இணையத்தில் எடுத்த ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் வெற்றுப் பட்டியல் தந்தால் முதலில் இதைப் பாருங்கள். இன்னொன்று தொகை. ஜேசனில் அது புள்ளியிட்ட எண்ணாக வரும். பைத்தானின் ஃப்ளோட்டில் அதைப் பிடித்தால் கூட்டும்போது கடைசி இலக்கங்கள் வழுக்கும். ஜேசன் மாட்யூலிடமே டெசிமல் வகையில் படிக்கச் சொல்லி, 10 கோடியால் பெருக்கி, பிட்காயினின் மிகச் சிறிய அலகான சதோஷியாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பிளாக் கோப்பைப் படித்தல்

தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் பிளாக்ஸ் அடைவில் பிஎல்கே00000.டாட் என்று தொடங்கி வரிசையாகக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 128 எம்பி. ஒரு பிளாக் இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடக்காது. ஆகவே கோப்புக்கு ஒரு ப்ராசஸ் என்று வேலையைப் பங்கிடலாம். மல்ட்டிப்ராசஸிங் இதற்கென்றே செய்ததுபோலப் பொருந்தும்.

திறந்தவுடன் முதல் நான்கு பைட்டுகள் 249, 190, 180, 217 என்று இருக்க வேண்டும். அதுதான் முதன்மைச் செயினின் அடையாள எண். அப்படி இல்லாமல் கண்டபடி எண்கள் வந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். 2024 அக்டோபரில் வந்த 28-ஆம் பதிப்பிலிருந்து, புதிதாக ஒத்திசையும் நோடுகள் பிளாக் கோப்புகளை எக்ஸ்ஓஆர் செய்துதான் எழுதுகின்றன. அதே அடைவில் எக்ஸ்ஓஆர்.டாட் என்ற கோப்பில் 8 பைட் சாவி இருக்கும். கோப்பில் ஒரு பைட் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த எண்ணை 8-ஆல் வகுத்த மீதியைப் பார்த்து, சாவியின் அந்த பைட்டோடு எக்ஸ்ஓஆர் செய்தால் பழைய வடிவம் வந்துவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருட்கள் பிளாக்குகளுக்குள் யாரோ பொதித்த தரவைப் பார்த்து மிரண்டு கோப்பையே முடக்கிவிடக்கூடும் என்பதால் வந்த ஏற்பாடு இது, இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இதை அறியாத பழைய பார்சர்கள் (பிளாக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் நிரல்கள்) எல்லாம் புதிய நோடுகளில் முதல் அடியிலேயே விழும். நீளமான கோப்பை பைட் பைட்டாக எக்ஸ்ஓஆர் செய்தால் பைத்தான் தவழும். நம்பை நூலகத்தை வைத்து ஒரே வீச்சில் செய்யுங்கள்.

அடையாள எண்ணுக்கு அடுத்த நான்கு பைட்டுகள் பிளாக்கின் நீளம், லிட்டில் எண்டியன் வரிசையில், அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில். அதன்பின் பிளாக். முதல் 80 பைட் தலைப்பு: பதிப்பு 4, முந்தைய பிளாக்கின் ஹாஷ் 32, மெர்க்கில் வேர் (பரிவர்த்தனைகள் அனைத்தையும் சுருக்கிய ஹாஷ்) 32, நேரம் 4, கடின அளவு 4, நான்ஸ் 4. பிறகு பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை, பிறகு பரிவர்த்தனைகள்.

முதல் பிளாக்கை எடுத்து எண்ணிப் பார்ப்போம். நீளப் பகுதியில் 29, 1, 0, 0 என்று இருக்கும். 29-உடன் 256-ஐக் கூட்டினால் 285. நேரப் பகுதியில் 41, 171, 95, 73. லிட்டில் எண்டியனாகப் படித்தால் 1231006505, அதாவது 2009 ஜனவரி 3, உலக நேரம் 18:15:05. பரிவர்த்தனை எண்ணிக்கை 1. மிச்சம் 204 பைட்டும் அந்த ஒரே பரிவர்த்தனை. உங்கள் ஸ்கிரிப்ட் இந்த எண்களை அச்சிட்டால் அஸ்திவாரம் சரியாக விழுந்திருக்கிறது.

எண்ணிக்கைகளும் நீளங்களும் மாறும் அளவிலான எண்களாக எழுதப்பட்டிருக்கும். முதல் பைட் 253-க்குக் குறைவென்றால் அதுவே மதிப்பு. 253 என்றால் அடுத்த 2 பைட்டுகள், 254 என்றால் அடுத்த 4, 255 என்றால் அடுத்த 8. இதற்கு ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, மதிப்பையும் புதிய இடத்தையும் சேர்த்துத் திருப்பச் சொல்லுங்கள்.

பரிவர்த்தனையின் அமைப்பு: பதிப்பு 4 பைட், உள்ளீடுகளின் எண்ணிக்கை, உள்ளீடுகள், வெளியீடுகளின் எண்ணிக்கை, வெளியீடுகள், கடைசியில் லாக்டைம் 4 பைட். உள்ளீடு ஒவ்வொன்றிலும் பழைய பரிவர்த்தனையின் ஹாஷ் 32, அதில் எத்தனையாவது வெளியீடு என்ற எண் 4, ஸ்கிரிப்டின் நீளம், ஸ்கிரிப்ட், சீக்வென்ஸ் 4. வெளியீட்டில் தொகை 8, பூட்டு ஸ்கிரிப்டின் நீளம், பூட்டு ஸ்கிரிப்ட்.

2017 ஆகஸ்ட் 24 அன்று, 481824-ஆம் பிளாக்கில், கையெழுத்துகளை விட்னஸ் என்ற தனிப் பகுதிக்கு மாற்றும் செக்விட் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிந்தைய பரிவர்த்தனைகளில் உள்ளீட்டு எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 0, அடுத்து 1 என்று வரலாம். உள்ளீடே இல்லாத பரிவர்த்தனை இருக்க முடியாது. ஆகவே அங்கே 0 வந்தால் அது செக்விட் அடையாளம், உண்மையான எண்ணிக்கை இரண்டு பைட் தள்ளி இருக்கிறது என்று பொருள். இவ்வகையில் வெளியீடுகளுக்குப் பிறகு, லாக்டைமுக்கு முன்னால், ஒவ்வொரு உள்ளீட்டுக்குமான விட்னஸ் தரவு வரும்: உருப்படிகளின் எண்ணிக்கை, பிறகு ஒவ்வொன்றின் நீளமும் பைட்டுகளும். நமக்கு அது தேவையில்லை என்றாலும் தாண்டிச் செல்ல அதன் நீளத்தைப் படித்தே ஆக வேண்டும்.

பரிவர்த்தனை ஐடி வேண்டுமென்றால் பதிப்பு, உள்ளீடு வெளியீடுகள், லாக்டைம் இவற்றை மட்டும் ஒட்டி இரண்டு முறை எஸ்ஹெச்ஏ256 போட வேண்டும். அடையாளமும் விட்னஸும் இதில் சேராது. உள்ளீடுகள் எங்கே தொடங்கின, வெளியீடுகள் எங்கே முடிந்தன என்று இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டால் மூலத் தரவிலிருந்தே வெட்டி எடுக்கலாம், மறுபடி கட்ட வேண்டாம். திரையில் காட்டும்போது மட்டும் பைட் வரிசையைத் தலைகீழாக்குங்கள். உள்ளே சேமிப்பதெல்லாம் தலைகீழாக்காத வடிவத்திலேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: பிளாக்குகள் வந்து சேர்ந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும், உயர வரிசையில் அல்ல. செயினில் இடம்பெறாமல் கைவிடப்பட்ட பிளாக்குகளும் இடையில் இருக்கலாம். கடைசிக் கோப்பின் வாலில் இன்னும் எழுதப்படாத வெற்றிடமும் இருக்கும். அடையாள எண் வர வேண்டிய இடத்தில் வராவிட்டால் அடுத்தது எங்கே என்று தேடுங்கள், இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள்.

படி 4: பூட்டை அடையாளம் காணுதல்

வேலையின் உயிர்நாடி இதுதான். பூட்டு ஸ்கிரிப்டின் நீளத்தையும் முதல் சில, கடைசிச் சில பைட்டுகளையும் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம்.

பி2பிகேஹெச் என்பது 25 பைட். 118, 169, 20 என்று தொடங்கி, 20 பைட் ஹாஷ், பிறகு 136, 172. 1 என்று தொடங்கும் பழைய முகவரிகள் இவை.

பி2எஸ்ஹெச் 23 பைட். 169, 20, பிறகு 20 பைட் ஹாஷ், முடிவில் 135. முகவரி 3 என்று தொடங்கும். இந்த ஹாஷுக்குள் கூட்டுச்சாவி வாலெட் (பல சாவிகள் சேர்ந்தால் திறப்பது) இருக்கிறதா, செக்விட்டை உள்ளே பொதிந்த தனி வாலெட் இருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. செலவழிக்கும்போதுதான் உள்ளிருப்பது வெளிவரும். 3-இல் தொடங்குவதெல்லாம் கூட்டுச்சாவி என்று எழுதியிருக்கும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

செக்விட்டின் இரண்டு வகைகளும் 0-இல் தொடங்கும். 0, 20, 20 பைட் ஹாஷ் என்றால் பி2டபிள்யூபிகேஹெச், மொத்தம் 22 பைட். 0, 32, 32 பைட் ஹாஷ் என்றால் பி2டபிள்யூஎஸ்ஹெச், மொத்தம் 34.

செக்விட்டுக்குப் பின் வந்த டேப்ரூட் வகை 81, 32, 32 பைட் பொதுச்சாவி (கையெழுத்தைச் சரிபார்க்க உதவும், வெளியே தெரியலாகும் சாவி), மொத்தம் 34. 709632-ஆம் பிளாக்கில், 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 81-இல் தொடங்கினாலே டேப்ரூட் என்று எழுதிவிடக் கூடாது, நீளத்தையும் பார்க்க வேண்டும். 81, 2, 78, 115 என்று நான்கே பைட்டில் ஒரு வெளியீடு வரும். அது பரிவர்த்தனைக் கட்டணத்தைப் பின்னால் ஏற்றிக்கொடுக்க வைக்கும் நங்கூர வெளியீடு, யார் வேண்டுமானாலும் செலவழிக்கலாம். அதற்கும் பிசி1 முகவரி உண்டு, ஆனால் அது யாருடைய வாலெட்டும் அல்ல.

இனி முகவரி இல்லாதவை. 106-இல் தொடங்குவது ஓபி_ரிட்டர்ன், அதாவது செலவழிக்கவே முடியாத தரவுக் குறிப்பு. செக்விட் பரிவர்த்தனை உள்ள எந்தப் பிளாக்கிலும் பிளாக்கை உருவாக்கியவருக்குப் பரிசு தரும் சுரங்கப் பரிசுப் பரிவர்த்தனையில் 106, 36, 170, 33, 169, 237 என்று தொடங்கும் ஒரு வெளியீடு இருக்கும், தொகை பெரும்பாலும் பூச்சியம். உங்கள் ஸ்கிரிப்ட் முகவரி கிடைக்கவில்லை என்று முதலில் புலம்பும் இடம் அதுவாகத்தான் இருக்கும், அது பிழை இல்லை. 174-இல் முடிந்து, உள்ளே இரண்டு மூன்று பொதுச்சாவிகள் இருந்தால் அது திறந்த கூட்டுச்சாவி. அதற்கென ஒற்றை முகவரி வடிவம் கிடையாது. தரவைப் பொதிப்பதற்காகப் போலிச் சாவிகளை வைப்பவர்களும் இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே இதைத் தனிப் பட்டியலில் ஒதுக்குங்கள்.

எஞ்சியிருப்பது பி2பிகே, 2009-ஆம் ஆண்டின் பரிசுத்தொகைகள் குவிந்து கிடக்கும் வகை. 65, பிறகு 65 பைட் பொதுச்சாவி, பிறகு 172, ஆக 67 பைட். அல்லது 33, 33 பைட் சாவி, 172, ஆக 35. இங்கே ஹாஷ் இல்லை, பொதுச்சாவியே அப்படியே கிடக்கிறது. முகவரி வடிவமும் கிடையாது. பிட்காயின் கோர் இதற்கு முகவரி காட்டாது. ஆனால் பிளாக்செயினைத் தேடிப் பார்க்க உதவும் பல பிளாக் எக்ஸ்ப்ளோரர் தளங்கள் அந்தச் சாவியை ஹாஷ் செய்து, 1-இல் தொடங்கும் முகவரியாகக் காட்டுகின்றன.

எது சரி? முதல் பிளாக்கையே பாருங்கள். அதன் 50 பிட்காயின் ஒரு பொதுச்சாவிக்குப் பூட்டப்பட்டது, அதைச் செலவழிக்கவும் முடியாது. அதே சாவியை ஹாஷ் செய்து வரும் முகவரிக்கு இன்றும் உலகெங்கும் இருந்து பலர் காணிக்கைபோலச் சில்லறை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பணமெல்லாம் 25 பைட் பூட்டில் இருக்கிறது, முதல் 50 மட்டும் 67 பைட் பூட்டில். எக்ஸ்ப்ளோரரில் இரண்டும் ஒரே முகவரியின் கீழ் வரும். பிளாக்செயினைப் பொறுத்தவரை அவை வேறு வேறு. என் பரிந்துரை: முகவரியை வருவித்து எழுதுங்கள், ஆனால் பக்கத்தில் வகைக்கென ஒரு பத்தி வைத்து பி2பிகே என்று குறியுங்கள். பின்னால் யார் கேட்டாலும் பதில் இருக்கும்.

அப்படி வருவிக்கும்போது சாவியை எஸ்ஹெச்ஏ256, பிறகு ரைப்எம்டி160 செய்ய வேண்டும். உபுண்டு 22.04 போன்ற சில கணினிகளில் ஹாஷ்லிப் ரைப்எம்டி160 தெரியாது என்று கைவிரிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது அதைப் பழைய வழிமுறைகள் பட்டியலுக்கு ஒதுக்கியதன் விளைவு. பைகிரிப்டோடோம் நிறுவினால் தீர்ந்தது. முதல் பிளாக்கின் சாவிக்கு வரும் 20 பைட் ஹாஷ் 98, 233, 7 என்று தொடங்கி 143, 24 என்று முடிய வேண்டும்.

படி 5: முகவரியாக எழுதுதல்

1, 3 வகைகளுக்கு பேஸ்58செக். ஹாஷுக்கு முன்னால் ஒரு பதிப்பு பைட் சேருங்கள்: பி2பிகேஹெச்சுக்கு 0, பி2எஸ்ஹெச்சுக்கு 5. அந்த 21 பைட்டை இரண்டு முறை எஸ்ஹெச்ஏ256 செய்து, விடையின் முதல் 4 பைட்டை வாலில் ஒட்டுங்கள். 25 பைட்டையும் ஒரே பெரிய எண்ணாக எடுத்து 58-ஆல் வகுத்துக்கொண்டே போனால் எழுத்துகள் பின்னாலிருந்து கிடைக்கும். பார்த்தால் குழப்பும் நான்கு குறிகள் இந்த 58-இல் கிடையாது: பூச்சியம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல். பெரிய எண்ணாக மாற்றும்போது முன்னால் இருக்கும் பூச்சிய பைட்டுகள் மறைந்துவிடும் அல்லவா, அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு 1 முன்னால் சேர்க்க வேண்டும். முகவரியின் நீளம் நிலையானது அல்ல. 34 எழுத்து இல்லை என்று முகவரியை நிராகரிக்கும் சோதனை எழுதாதீர்கள்.

செக்விட்டுக்கு பெக்32, டேப்ரூட்டுக்கு பெக்32எம். ஹாஷின் 8 பிட் பைட்டுகளை 5 பிட் தொகுதிகளாகப் பிரித்து, முன்னால் பதிப்பு எண்ணை ஒரு தனித் தொகுதியாக வைத்து, 6 எழுத்துச் சரிபார்ப்பை வாலில் சேர்க்க வேண்டும். பதிப்பு எண்ணையும் ஹாஷோடு சேர்த்து 5 பிட்டாகப் பிரிப்பதுதான் பலர் சறுக்கும் இடம். 20 பைட் ஹாஷுக்கு 42 எழுத்தும் 32 பைட்டுக்கு 62 எழுத்தும் வந்தால் பிரிப்பு சரி. பதிப்பு 0 என்றால் பிசி1க்யூ, 1 என்றால் பிசி1பி என்று தொடங்கும்.

இரண்டு வடிவங்களுக்கும் வேறுபாடு சரிபார்ப்பின் முடிவில் எக்ஸ்ஓஆர் செய்யும் மாறிலி மட்டுமே: பெக்32-க்கு 1, பெக்32எம்-க்கு 734539939. பழைய வடிவத்தில் முகவரி பி எழுத்தில் முடிந்தால், அதற்கு முன்னால் க்யூ எழுத்தைச் சேர்த்தாலும் நீக்கினாலும் சரிபார்ப்பு கண்டுகொள்ளாமல் விட்டது. அந்த ஓட்டையை அடைக்க பிஐபி 350 என்ற பிட்காயின் மேம்பாட்டு முன்மொழிவின் வழியே வந்த திருத்தம் இது. சரிபார்ப்புக் கணக்கை நீங்களாக எழுத வேண்டாம். வடிவத்தை வகுத்தவர்களே பைத்தானில் ஒரு மாதிரி நிரல் தந்திருக்கிறார்கள். ஒரே கோப்புதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பிஐபி 173, 350 இரண்டிலும் சோதனை முகவரிகள் இருக்கின்றன.

ரெக்டெஸ்டில் ஓட்டும்போது பதிப்பு பைட்டுகள் 111, 196 என்றும், முன்னொட்டு பிசிஆர்டி என்றும் மாறும். இவற்றை நிரலுக்குள் ஆங்காங்கே புதைக்காமல் ஒரு டிக்‌ஷனரியில் வையுங்கள். லைட்காயினுக்குப் பதிப்பு 48, டோஜ்காயினுக்கு 30. அதே நிரல் சிறு மாற்றத்தோடு அங்கேயும் ஓடும். லைட்காயினில் மட்டும் 2022-இல் எம்வெப் என்ற தனியுரிமை வசதி வந்தபின் பரிவர்த்தனை அமைப்பே கொஞ்சம் மாறிவிட்டது. எத்தீரியம் முற்றிலும் வேறு கதை.

படி 6: அனுப்பியவர் முகவரி

உள்ளீட்டில் முகவரியும் இல்லை, பூட்டும் இல்லை, தொகையும் இல்லை. இன்ன பரிவர்த்தனையின் இத்தனையாவது வெளியீடு என்ற சுட்டு மட்டுமே இருக்கிறது. பூட்டைப் பார்க்க அந்தப் பழைய வெளியீட்டுக்கே போக வேண்டும்.

கையெழுத்துப் பகுதியிலிருந்து பொதுச்சாவியை எடுத்து முகவரியை ஊகிக்கும் குறுக்குவழி இணையத்தில் உலவுகிறது. பி2பிகேஹெச்சுக்கு மட்டும் அது பலிக்கும். 170-ஆம் பிளாக்கில், 2009 ஜனவரி 12 அன்று, பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ, நிரலாளர் ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பினார். மீதி 40 தனக்கே திரும்பியது. அந்த உள்ளீட்டைத் திறந்தால் உள்ளே கையெழுத்து மட்டும்தான், சாவியே இல்லை. செலவானது பி2பிகே பூட்டு, சாவி 9-ஆம் பிளாக்கின் வெளியீட்டில் கிடக்கிறது. டேப்ரூட்டிலும் பெரும்பாலும் இதே நிலைதான். விட்னஸில் இரண்டு உருப்படி இருந்தால் செக்விட் முகவரி என்று ஊகித்தாலும் ஏமாறலாம், பி2எஸ்ஹெச்சுக்குள் பொதிந்த செக்விட்டிலும் அதே இரண்டு உருப்படிகள்தான் இருக்கும். ஊகிக்கும் வழியை விட்டுவிடுங்கள்.

சரியான வழி, உயர வரிசையில் பிளாக்குகளைப் படித்துக்கொண்டே ஒரு அட்டவணையைப் பராமரிப்பது. ஒவ்வொரு வெளியீட்டையும் 32 பைட் ஐடி, 4 பைட் வரிசை எண் என்ற 36 பைட் சாவியின் கீழ் எழுதுங்கள். உள்ளீடு வரும்போது அந்தச் சாவியைத் தேடி எடுத்து, முகவரியைப் பதிந்துவிட்டு, அட்டவணையிலிருந்து நீக்குங்கள். நீக்கிக்கொண்டே போவதால் எந்த நேரத்திலும் செலவாகாத வெளியீடுகள் மட்டுமே மிஞ்சும். அவையே இன்று 15 கோடியைத் தாண்டும். ஆகவே பைத்தான் டிக்‌ஷனரியில் வைக்க நினைக்காதீர்கள், ராம் கொள்ளாது. எல்எம்டிபி அல்லது ராக்ஸ்டிபி போன்ற, வட்டில் எழுதும் தரவுத்தளத்தைப் பயன்படுத்துங்கள். சுரங்கப் பரிசுப் பரிவர்த்தனையின் உள்ளீட்டில் ஐடி முழுக்கப் பூச்சியமாகவும் வரிசை எண் 4294967295 ஆகவும் இருக்கும், அதைத் தேடாமல் தாண்டுங்கள்.

உயர வரிசைக்கு முதல் சுற்றில் தலைப்புகளை மட்டும் படியுங்கள். ஒவ்வொரு பிளாக்கின் ஹாஷ், முந்தைய ஹாஷ், எந்தக் கோப்பில் எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, நோடிடம் கெட்பெஸ்ட்பிளாக்ஹாஷ் கேட்டு, அங்கிருந்து பின்னோக்கி முதல் பிளாக் வரை நடந்தால் உண்மைச் செயின் கிடைத்துவிடும். கைவிடப்பட்ட பிளாக்குகள் தாமாகவே விலகும்.

இந்த அட்டவணையில் ஒரு பழைய கண்ணி உண்டு. 2010-இல் 91722, 91880 ஆகிய இரு பிளாக்குகளின் பரிசுப் பரிவர்த்தனைகளுக்கு ஒரே ஐடி வந்துவிட்டது. 91812, 91842 இரண்டிலும் அப்படியே. தனித்த சாவி என்று கண்டிப்பாக அறிவித்த எஸ்க்யூலைட் அட்டவணை அங்கே பிழை காட்டி நின்றுவிடும். பின்னால் வந்தது முன்னதை மேலெழுதும்படி விடுங்கள், பிட்காயின் கோரும் அப்படித்தான் செய்தது. பின்னாளில் உயர எண்ணைப் பரிசுப் பரிவர்த்தனைக்குள் எழுதக் கட்டாயப்படுத்தியதால் இது மீண்டும் நேராதபடி ஆயிற்று.

படி 7: சேமித்தல்

முகவரியைச் சரமாகச் சேமிக்காதீர்கள். வகைக்கு ஒரு பைட், ஹாஷுக்கு 20 அல்லது 32 பைட் என்று வைத்துக்கொண்டு, வெளியே தரும்போது மட்டும் சரமாக்குங்கள். இடம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். அதைவிட முக்கியமாக, பேஸ்58 வகுத்தல்தான் இந்த நிரலில் பைத்தான் மிக மெதுவாகச் செய்யும் வேலை, அதைக் கோடிக்கணக்கான முறை செய்யாமல் தப்பிக்கலாம். தனித்த முகவரிகள் மட்டும் வேண்டுமென்றால் கோப்புக்கு ஒரு வெளியீட்டுக் கோப்பு எழுதி, கடைசியில் லினக்ஸின் சார்ட் கட்டளையால் வரிசைப்படுத்தி இரட்டைகளை நீக்குங்கள். பைத்தான் செட்டில் எல்லாவற்றையும் திணிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கிடைக்கும் எண்ணிக்கையை மனிதர்களின் எண்ணிக்கையாகப் படிக்கக் கூடாது. ஒரு வாலெட் ஒவ்வொரு வரவுக்கும், ஒவ்வொரு மீதிச் சில்லறைக்கும் புது முகவரி உருவாக்கும். ஒரு எக்ஸ்சேஞ்ச் லட்சக்கணக்கில் வைத்திருக்கும். இருப்புள்ள முகவரிப் பட்டியலை எடுத்து, தற்செயலான தனிச்சாவிகளை (செலவழிக்க உதவும் ரகசியச் சாவிகளை) உருவாக்கி ஒன்றாவது பொருந்துமா என்று இரவு பகலாகக் கணினியை ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். 160 பிட் ஹாஷ் என்றால் 49 இலக்க எண்ணிக்கையிலான சாத்தியங்கள். மின்கட்டணம் மட்டும்தான் நிச்சயம். அப்படிப்பட்ட கருவி என்று விற்கப்படும் மென்பொருட்களைப் பதிவிறக்காதீர்கள்.

படி 8: சரிபார்த்தல்

ஒவ்வொரு பிளாக்குக்கும் நீங்கள் கணக்கிட்ட பரிவர்த்தனை ஐடிகளிலிருந்து மெர்க்கில் வேரைக் கட்டி, தலைப்பில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் உங்கள் பார்சர் ஒரு பைட்டைக்கூடத் தவறவிடவில்லை. இருபது வரிக்குள் அடங்கும் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

பிறகு 2010, 2013, 2018, 2023 என்று காலத்துக்கு ஒன்றாகச் சில பிளாக்குகளை எடுத்து, உங்கள் முகவரிகளை ஆர்பிசி தரும் முகவரிகளோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு பி2பிகே வெளியீடுகளில் மட்டுமே வர வேண்டும். வேறெங்காவது வந்தால் உங்கள் நிரலில்தான் பிழை. தொகைகளைக் கெட்பிளாக்ஸ்டாட்ஸ் தரும் மொத்த வெளியீட்டோடு ஒப்பிடும்போது அதில் சுரங்கப் பரிசு சேராது என்பதை நினைவில் வையுங்கள்.

தினமும் புதிய பிளாக்குகளைச் சேர்க்கும்படி ஓட்டப்போகிறீர்கள் என்றால், செயினின் நுனியில் உள்ள கடைசி ஆறு பிளாக்குகளைத் தொடாமல் விடுங்கள். நுனியில் ஒரு பிளாக் மாற்றப்பட்டால், ஏற்கெனவே நீக்கிய வெளியீடுகளை அட்டவணையில் திரும்பச் சேர்க்கும் வேலை உங்கள் தலையில் விழும். ஆறு பிளாக் என்பது ஏறக்குறைய ஒரு மணி நேரத் தாமதம்தான்.